வேலு மாமாவின் இடது கை

வசந்தி,

போன வாரம் உன்னோடு கல்யாணப் புடவை எடுக்க ஈப்போவுக்கு வந்த உன் அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். தானா ராத்தா பேருந்து நிலையத்தில் நான் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டி, எனக்குத் தேநீர் கலந்து கொடுத்துவிட்டுத் தன் குவளையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. நம் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் வேண்டாமாம். ஈப்போவிலேயே பதிவு செய்துகொள்கிறாயாம். மலைக்கு வர முடியாதாம். தாய்மாமன் வீட்டு மாலையைப் பற்றி யாரும் பேசக் கூடாதாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மீதியைச் சொன்னாள். "மாமாவக் கொன்னவளுக்கு மாமன் மாலை எதுக்கும்மா?"

நீ தாதிப் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து இந்த மலைக்கு வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள்தான் பலகாரத்தைக் கட்டிக்கொண்டு கீழே வருகிறோம். விடுப்பு கிடைக்காது, இரவு வேலை என்று நீ சொன்ன காரணங்களை நான் அப்படியே நம்பினேன். வளைவான சாலை உனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமாவை நினைத்து வருந்துகிறாய் என்பது தெரியும். ஆனால் பத்து வயதில் மனதுக்குள் ஒரு தீர்ப்பை எழுதி, அதை இத்தனை காலம் ஒருவரிடமும் காட்டாமல் சுமந்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வந்த முதல் எண்ணம், உடனே பேருந்து ஏறி உன் விடுதி வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பதுதான். வந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும். நீ காப்பி வாங்கிக் கொடுப்பாய். இருவரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிவோம். அதனால் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

உன் வகுப்புக்கு நான் நடத்தாமல் விட்ட பாடம் ஒன்று உண்டு. நம் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு அறிவியலில் விசையும் இயக்கமும் என்று வரும். அந்தப் பக்கத்தில் சரிவில் இறங்கும் ஒரு லாரியின் படம் போட்டிருந்தார்கள். பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மாமா போய் அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு, இது எளிய பாடம், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், இன்று காந்தத்தைப் பார்ப்போம் என்றேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அந்தப் பாடத்தை அன்றே நடத்தியிருந்தால், உன் தீர்ப்பு தப்பு என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். நீ கணக்கில் கெட்டிக்காரி. சரி, இப்போது நடத்துகிறேன். அவசரப்படாமல் படி.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும், தூரத்து மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களை மாமாவின் லாரிதான் ஏற்றிப் போகும். பின்னால் எல்லோரும் நின்றுகொண்டே போவார்கள். அப்போதிருந்த கங்காணியார் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். பிடித்தால் மரியாதை போய்விடும் என்று இடுப்பில் கை வைத்து நிற்பார். லாரி கிளம்பும்போது எல்லோரும் பின்னால் சாய்வார்கள், நிற்கும்போது முன்னால் சாய்வார்கள், அவரும் சமாளித்துக்கொள்வார். ஒரு நாள் மாடு ஒன்று குறுக்கே வர, மாமா சட்டென்று பிரேக்கை மிதித்தார். கங்காணியார் பறந்து போய்க் கூடைகளின் மேல் விழுந்தார். "கங்காணியாரே, கூடைக்குள்ளயே வந்துட்டீங்க, ஒங்களையும் சேத்து நிறுக்கச் சொல்லட்டுமா?" என்று ஒரு பெண் கேட்க, லாரியே குலுங்கியது. நானும் அன்று பின்னால்தான் நின்றேன். பள்ளிக்குப் போனதும் அதையே பாடமாக்கினேன். பிரேக் பிடித்தது சக்கரத்தைத்தான். சக்கரம் லாரியை நிறுத்தியது. கங்காணியாரின் உடம்பை யாரும் நிறுத்தவில்லை. அதுவரை என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்ததோ அதே வேகத்தில் அது தொடர்ந்து போனது, கூடைகள் வந்து தடுக்கும்வரை. நின்றிருப்பது நின்றே இருக்கப் பார்க்கும், போய்க்கொண்டிருப்பது போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும். வெளியிலிருந்து ஒரு விசை வந்தால்தான் மாறும். இதற்கு நிலைமம் என்று பெயர். பொருள் கனமானால் நிலைமமும் கூடும்.

அடுத்து உராய்வு. இந்தக் குளிரில் பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். நீங்கள் எல்லோரும் பள்ளிக்கு வந்ததும் முதல் வேலையாக உள்ளங்கைகளைத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வீர்கள். ஒன்றின்மேல் ஒன்று உரசும்போது இயக்கம் குறைகிறது, குறைந்த இயக்கம் சூடாக மாறுகிறது. லாரியின் பிரேக்கும் அதைத்தான் செய்கிறது. சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் பட்டைகள் போய் அழுத்தும். லாரியின் ஓட்டம் முழுவதும் அங்கே சூடாகக் கரைய வேண்டும். கொஞ்ச நேரம் தேய்த்தால் கை இதமாக இருக்கும். விடாமல் வேகமாகத் தேய்த்தால் சுடும், தேய்க்க முடியாது. பிரேக் பட்டைக்கும் ஒரு பொறுமை உண்டு. அதிகம் சூடேறிவிட்டால் அது வழவழத்துப் போகும். எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

திரிங்காப் தோட்டத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தவர்களின் காய்கறித் தோட்டத்துக்கு மாமா நம் எல்லோரையும் கூட்டிப் போயிருந்தார். சரிவின் உச்சியில் கூடையிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் நழுவியது. முதலில் அது யோசித்து யோசித்துத்தான் உருண்டது. நீ கைதட்டினாய். மாமா கீழே நின்று, பந்தைத் தடுப்பதுபோலக் காலை நீட்டினார். வந்து சேர்வதற்குள் அது வேறு ஆளாகிவிட்டிருந்தது. மாமாவின் காலை வாரிவிட்டு, பலகை வேலியில் மோதி, வேலியையும் உடைத்துக்கொண்டு போனது. சேற்றில் உட்கார்ந்தபடி அவர், "ஒரு கோபிஸ் என்னையச் சாச்சிருச்சு மச்சான், வெளிய சொல்லிராதீங்கலா" என்றார். நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாய். பூமி அந்தக் காயை ஒவ்வொரு கணமும் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கணமும் அதன் வேகம் கூடிக்கொண்டே வந்தது. கனத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதை உந்தம் என்பார்கள். ஒரு முட்டைக்கோஸுக்கே அவ்வளவு என்றால், பின்னால் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கும் லாரிக்கு எவ்வளவு என்று அன்று சேற்றில் உட்கார்ந்திருந்த அவரும் நினைக்கவில்லை, பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த வாத்தியாரும் நினைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது நம் தோட்டத்தில் யாரும் வெளியே பேசாத விஷயம். இறக்கத்தில் நம் டிரைவர்கள் கியரை எடுத்துவிடுவார்கள். ஃப்ரீ கியர் என்பார்கள். சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் அப்போது தொடர்பு கிடையாது. லாரி தன் கனத்தில் தானே இறங்கும், டீசல் மிச்சமாகும். மிச்சமான டீசலை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் இருந்தது, அதில் ஊற்றிவிடுவார்கள். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் ஓடும், மாரியம்மனுக்கு வண்ண விளக்கு எரியும், ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். மின்சாரத்தை அளந்து அளந்து விட்ட அந்தக் காலத்தில், இரவெல்லாம் எரிந்த அந்த விளக்குகளைப் பார்க்கக் கம்போங் ராஜாவிலிருந்துகூட ஆள் வரும். பீப்பாயில் அதிகம் ஊற்றுவது வேலு மாமாதான். கோயில் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டபோது பாராட்டிப் பேசியவன் நான். "எறக்கத்துல எண்ண எதுக்கு மச்சான்? மலையே தள்ளிவிடுது, நாம பிரேக்குல கால வச்சா போதும்" என்பார். மலை தள்ளிவிடும் அவ்வளவு ஓட்டத்தையும் யார் வாங்கிக்கொள்வது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கியரில் இறங்கினால் எஞ்சின் பாதியைத் தாங்கிக்கொள்ளும். கியரை எடுத்துவிட்டால் மொத்தமும் பிரேக் பட்டையின் தலையில் விழும். பாடத்தில் உராய்வை நடத்துகிறவனுக்கு இது தெரியாமல் இல்லை. விளக்கு அழகாக இருந்தது, கேட்கத் தோன்றவில்லை.

அன்று பள்ளி விடுமுறை. புது வகுப்புக்குக் காலில் போட வெள்ளைச் சப்பாத்து வாங்க உன்னைத் தாப்பாவுக்கு மாமாதான் கூட்டிப் போனார். நீ முன்னால், அவருக்கு இடப்பக்கம். பின்னால் தேயிலைப் பெட்டிகள். பெட்டிகளின் மேல், உங்களுக்கு நேர் பின்னால், சுமை ஏற்றி இறக்கும் கிட்ணன். தூறல். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, மாமா மலையின் உச்சியிலேயே கியரை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் உனக்கு நினைவிருப்பது என்ன என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். லாரி வேகமாகப் போனது. கறுப்புக் குமிழ் வைத்த கியர்க் கம்பியில் மாமாவின் இடது கை இருந்தது. நீ பயந்து "மாமா" என்று கத்தினாய். அவர் கியரை விட்டுவிட்டு உன் பக்கம் கையை நீட்டினார். லாரி மலையில் மோதியது. நீ கத்தாமல் இருந்திருந்தால் அவர் கியரைப் போட்டிருப்பார், லாரி நின்றிருக்கும், மாமா இருந்திருப்பார். இதுதானே உன் கணக்கு?

கிட்ணனை அப்போதே தானா ராத்தா மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு உடைந்து, கழுத்தோடு கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். அவன் சொன்னதை அவன் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முழுப் பாடமும் இதில்தான் இருக்கிறது. "பிரேக்கு தீயிற வாட மொதல்லயே வந்துச்சு வாத்தியாரே. அப்புறம் கியரு பல்லக் கடிச்சுச்சு. நற நறன்னு. போட்டுப் பாக்குறாரு, விழல. திரும்பப் போடுறாரு, விழல. திரும்பவும் போடுறாரு. அதுக்கு அப்புறந்தான் பாப்பா கத்துன சத்தமே கேட்டுச்சு." கவனித்தாயா? பிரேக் முதலில் போனது. கியர் அடுத்துப் போனது. உன் குரல் எல்லாம் போன பிறகு வந்தது.

ஏன் கியர் விழவில்லை என்று நீ கேட்க வேண்டும். வகுப்பாக இருந்தால் நான் காத்திருந்து உன்னைக் கேட்க வைப்பேன். ஓடும் சக்கரத்தோடு ஒரு பல்சக்கரமும், எஞ்சினோடு ஒரு பல்சக்கரமும் சுழல்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றால்தான் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். கயிறு சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பெண்பிள்ளைகள் ஓடிவந்து உள்ளே குதிப்பீர்களே, அதைப் போல. கயிறு மெதுவாகச் சுற்றினால் யாரும் நுழையலாம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றினால் யார் நுழைந்தாலும் காலில் அடிதான் விழும். லாரி அந்த வேகத்தை எட்டிவிட்டது. அதன் பிறகு அந்தக் கியர்ப் பெட்டியில் கியரைப் போட எந்த டிரைவராலும் முடியாது. மாமா அந்தக் கம்பியை இன்னும் அரை மைல் பிடித்துக்கொண்டே இருந்திருந்தாலும் அது கடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். உன் குரல் கேட்ட நேரத்தில் அவருடைய இடது கைக்கு அங்கே வேலை முடிந்துபோயிருந்தது, மகளே. சும்மா இருந்த கையைத்தான் நீ அழைத்தாய்.

வலது கைக்கு மட்டும் இன்னும் வேலை இருந்தது. அந்த வளைவில் இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலை. அவர் வலப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் யார் உட்கார்ந்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லாரியின் வலது மூலைதான் முதலில் மலையில் இறங்கியது. லாரி நின்றது, பெட்டிகள் நிற்கவில்லை. கங்காணியாரைப் போலவே அவை தம் வேகத்தில் தொடர்ந்து வந்தன. மாமாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த தகட்டை அவை என்ன செய்தன என்பதை எழுத மாட்டேன். கிட்ணனும் பறந்தான். ஆனால் லாரியின் கூரையைத் தாண்டி, மழையில் ஊறிய சேற்றிலும் பெரணிச் செடிகளிலும் போய் விழுந்தான். சேறு அவனைக் கொஞ்சம் உள்ளே விட்டு, மெதுவாக நிறுத்தியது. ஒரே வேகத்தை மெதுவாக நிறுத்தினால் விசை குறைவு, சட்டென்று நிறுத்தினால் விசை அதிகம். கிட்ணன் பிழைத்ததற்கும் மாமா பிழைக்காததற்கும் இடையே இருந்தது அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கை. நீட்டிய கை உன்னைத் தடுத்துப் பிடித்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி ஒரு கையால் முடியாது. உட்கார்ந்து தோராயமாகக் கணக்குப் போட்டேன். அந்த வயதுப் பிள்ளையின் எடை, அந்த இறக்கத்தில் அந்த லாரிக்கு இருந்திருக்கக்கூடிய வேகம், கண் இமைக்கும் நேரத்தில் நிற்பது என்று வைத்துக்கொண்டால், ஏழு தேயிலைப் பெட்டிகளைத் தூக்கிப் பிடிக்கும் பலம் அந்த ஒற்றைக் கைக்கு வேண்டும். உலகத்தில் எந்த மாமனுக்கும் அது கிடையாது. அவர் உன்னைப் பிடிக்கவில்லை. உன் உச்சந்தலையில் கை வைத்து, சீட்டிலிருந்து கீழே, கால் வைக்கும் பள்ளத்துக்குள் அமுக்கினார். அங்கே அவருடைய பழைய கம்பளி கிடந்தது. உன்னை வெளியே எடுத்தவர்கள், கம்பளியோடு சேர்த்து முன்தகட்டில் ஒட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாய் என்றார்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிற உடம்பு பறந்துபோய் மோத முடியாது. அது லாரியோடு சேர்ந்தே நிற்கிறது. இடது மூலை கடைசியாகத்தான் மண்ணில் இறங்கியது, அதனால் உன் பக்கம் கொஞ்சம் மெதுவாக நின்றது. பெட்டிகள் உன் தலைக்கு மேலே போயின. அவர் அந்தக் கையை உன்மேல் வைக்காமல் ஸ்டியரிங்கில் ஊன்றித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாமே என்று அடுத்து நினைப்பாய். அதையும் கணக்குப் போட்டுவிட்டேன். பிள்ளையின் எடைக்கே ஏழு பெட்டி. அவருடைய எடைக்கு, பின்னால் வந்தவற்றையும் சேர்த்தால், இரண்டு கை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பிரேக் பழுது என்றே எல்லோரும் பேசினோம், அப்படியே முடிந்தது. ஃப்ரீ கியர் என்று சொன்னால் செத்தவர் மேல் குற்றம் விழும், விளக்கைப் பார்த்து மகிழ்ந்த எங்கள் எல்லோர் மேலும் விழும். லயன் வீடுகள் முழுவதும் வாயை மூடிக்கொண்டன. அந்தப் பீப்பாயை யாரோ உருட்டிக்கொண்டுபோய்ச் செடிக்குள் தள்ளினார்கள். இன்றும் இதை எழுதுவதற்கு முன் மாமாவை இழந்து நிற்கும் பார்வதி அத்தையைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சவிக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலு அன்று கியரை எடுத்துவிட்டிருந்தார் என்று, ஏதோ புதிதாகச் சொல்வதுபோல இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாண்ணே? அவரு சட்டையத் தொவச்சவ நான். தாப்பாவுக்கு எறங்கிட்டு வந்தா தீஞ்ச வாட சட்டையில அடிக்கும். வேணாம்னு சொன்னேன். சாமிக்கு வெளக்கு எரியுதுல்ல, பேசாம இருடின்னாரு."

பிறகு நீ சொன்னதை அவளிடம் சொன்னேன். கீரை மடியிலிருந்து சரிந்தது. அதை அவள் பொறுக்கவில்லை. நீ ஏன் அவளைப் பார்க்க வருவதில்லை என்பதற்கு இத்தனை ஆண்டுகளாக அவள் வேறொரு காரணம் வைத்திருந்தாள். தாலி அறுத்தவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாளாம். அதனால்தான், நீ தாதி உடுப்பில் எடுத்த படத்தை அம்மா கொண்டுபோய்க் காட்டியபோது, தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுப் போனாள். ஒரு வளைவில் இறங்கிய லாரி இரண்டு பேரை இரண்டு பக்கமாக எறிந்திருக்கிறது. இருவரும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறீர்கள், யாரும் தடுக்கவில்லை.

"எழுதுங்கண்ணே," என்றாள். "அவரு மேலதான் தப்புன்னு நல்லாத் தெரியற மாதிரி எழுதுங்க. செத்தவருக்கு என்ன கனம்? உசுரோட இருக்கற பிள்ளதான சொமக்குது."

தாய்மாமன் இடத்தில் நின்று அவளே உனக்கு மாலை போட வேண்டும் என்று நான் கேட்டேன். தன் கையால் மாலையா என்று திடுக்கிட்டுப் போனாள். ஊர் ஏதாவது சொல்லும் என்றாள். ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் பிரம்படி வாங்கியவர்கள்தானே. அப்போதும் தலையை ஆட்டவில்லை. சரிந்த கீரையைப் பொறுக்கத் தொடங்கியபடி, "வசந்தி வந்து கேட்டா பாக்கலாம்" என்றாள். அவள் இறங்கி வந்தது அவ்வளவு தூரம். மீதியை நீதான் ஏறி வர வேண்டும்.

நான் சொன்னதால் உன் துக்கம் தீர்ந்துவிடும் என்று நினைக்கவில்லை. எனக்கே தீரவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் விளக்கு எரியும்போது நான் கோயிலுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றுகொள்கிறேன். மாமாவை இழந்த துக்கம் உன்னுடையது, அதை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. கொன்ற பழி உன்னுடையது அல்ல. கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன், எந்த வரியிலும் உன் பெயர் வரவில்லை. உனக்குச் சந்தேகம் இருந்தால் நீயே போட்டுப் பார். வாத்தியார் சொன்னார் என்பதற்காக நம்பாதே.

நீ வருவதாக இருந்தால் ஒரு வரி எழுது. நான் ஈப்போவுக்கு வந்து உன்னைக் கூட்டி வருகிறேன். பேருந்தில் முன் இருக்கையில் உட்காருவோம், நீ ஜன்னல் பக்கம். தாப்பாவைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கும், எஞ்சின் முக்கி முனகிக்கொண்டுதான் ஏறும். அந்தச் சத்தம் கேட்கும்வரை பயமில்லை என்று வைத்துக்கொள். அந்த இடம் வரும். பார்க்க வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொள். ஒவ்வொரு வளைவிலும் என் கை தானாக உனக்கு முன்னால் நீளும். ஒரு கையால் எதையும் நிறுத்த முடியாது என்று இப்போதுதான் இத்தனை பக்கம் எழுதினேன். ஆனாலும் நீளும். தட்டிவிடாதே.

உன் வரிக்காகக் காத்திருக்கும்,
அப்பா